கிண்டிக் காடு: ஒரு முள்ளுக்காட்டின் முந்நூற்றைம்பது ஆண்டுக் கதை

 

கொஞ்சம் நீண்ட பதிவு. பேருந்திலோ, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகோ, நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். தேர்வு எதுவும் வைக்க மாட்டேன்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு பேச்சு வந்தது. மனை வணிகத்தில் இருக்கும் நம் தம்பி ஒருவர், "டீச்சர், கிண்டியில ஒரு கிரவுண்டு என்ன விலை போகுது தெரியுமா? அங்க போய் அறுநூத்தி எழுபது ஏக்கர் முள்ளுக்காட்டைச் சும்மா போட்டு வெச்சிருக்காங்களே, நாலு மானுக்காக" என்று எழுதியிருந்தார். இரண்டு மூன்று பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். ஒருவர், "சரியாத்தானே கேக்கறான்" என்று ஆமோதித்தார்.

கேள்வி கேட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. வகுப்பிலும் கேள்வி கேட்கிற பிள்ளையைத்தான் எனக்குப் பிடிக்கும். குழுவில் இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் காடு எப்படி அங்கே வந்தது, எப்படிக் குறைந்தது, எப்படிப் பிழைத்தது என்ற வரலாறு தெரியாமல் சொல்லும் பதில் முழுமையாக இருக்காது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் கணக்கு. கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு 270.57 ஹெக்டேர். ஏக்கரில் 668-க்குக் கொஞ்சம் மேல். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 12,000 கிரவுண்டு வருகிறது. தம்பி சொன்ன விலையால் பெருக்கிப் பாருங்கள், தலை சுற்றும். அந்தத் தொகையைக் கண்ணால் பார்த்த பிறகும் அந்த இடம் காடாகவே இருக்க வேண்டும் என்று நான் ஏன் சொல்கிறேன் என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன்.

முள்ளுக்காடு என்பது என்ன?

காடு என்றாலே நம் பிள்ளைகள் உயர்ந்த மரம், அருவி, யானை, புலி என்று படம் வரைவார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்கு அது பொருந்தும். சோழமண்டலக் கடற்கரையோரம் வடக்கே ஆந்திரத்திலிருந்து தெற்கே இராமநாதபுரம் வரை இருந்த இயற்கைக் காடு வேறு வகை. நமக்குத் தென்மேற்குப் பருவமழை அதிகம் கிடைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். பிறகு தை முதல் ஆனி வரை வறட்சி. இந்தத் தட்பவெப்பத்துக்குப் பழகிய மரங்கள் உயரமாக வளர்வதில்லை. குட்டையாக, நெருக்கமாக, தடித்த சிறிய இலைகளோடு வளரும். கோடையிலும் இலையை மொத்தமாக உதிர்ப்பதில்லை. இதை 'வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு' என்று வகைப்படுத்துகிறார்கள். வெட்டும் மேய்ச்சலும் மிகுந்த இடங்களில் அது இன்னும் குறுகிப் புதர்க்காடாக, முட்காடாக நிற்கும். நம் ஊர்க்காரர்கள் இரண்டையும் சேர்த்து 'குத்துக்காடு', 'முள்ளுக்காடு' என்பார்கள்.

இந்தக் காட்டில் என்ன மரம் இருக்கிறது என்று கேட்டால், நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த மரங்கள்தாம். விளா, வேம்பு, குருந்து, களா, காரை, சூரை, பாலை, காயா, வீரை. குருந்து என்றதும் நினைவு வரவேண்டும். திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகர் குருவைக் கண்டது குருந்த மரத்தடியில்தான். திருமாலின் நிறத்துக்கு உவமையாகச் சொல்லும் காயாம்பூ, காயா மரத்தின் நீலப்பூ. திருமாலுக்கு நிறம் கொடுத்த பூவும் மாணிக்கவாசகருக்கு நிழல் கொடுத்த மரமும் இந்தக் குட்டைக் காட்டைச் சேர்ந்தவை. இவற்றைப் பாட்டில் தெரிந்துவைத்திருக்கிறோம், மரமாகப் பார்த்தால் பலருக்கு அடையாளம் தெரிவதில்லை.

ஆளுநரின் தோட்டம்

இப்போது வரலாற்றுக்கு வருவோம். 1639-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் காலூன்றியது. கோட்டைக்கும் பரங்கிமலைக்கும் இடையில் அப்போது கிராமங்களும் ஏரிகளும் புதர்க்காடும்தான். 1670களில் கோட்டையின் ஆளுநராக இருந்த வில்லியம் லாங்ஹார்ன், கிண்டிக் காட்டில் ஒரு பகுதியைத் திருத்தித் தோட்டமும் ஓய்வு மாளிகையும் அமைத்தார். அதுதான் 'கிண்டி லாட்ஜ்'. கோட்டையின் புழுக்கத்திலிருந்து தப்பித்து வந்து காற்று வாங்குகிற இடம். பிறகு அந்தச் சொத்து தனியார் பலர் கை மாறியது.

1821-ல் அரசு அதை 35,000 ரூபாய்க்கு விலைக்கு வாங்கி ஆளுநரின் நாட்டுப்புற மாளிகை ஆக்கியது. அப்போதைய ஆளுநர் சர் தாமஸ் மன்றோ. தீவுத்திடல் அருகே சேணமில்லாக் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான்.

இந்த இடத்தில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். மன்றோ என்றால் சமூக அறிவியல் பாடத்தில் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? இரயத்துவாரி முறை. நிலத்தை அளந்து, தரம் பிரித்து, உழவனிடமே நேரடியாக வரி வாங்கும் முறை. அந்த ஏற்பாடு விரிந்துகொண்டே போனபோது, வருவாய்த்துறைக் கணக்கில் நிலம் நன்செய், புன்செய், தரிசு, புறம்போக்கு என்று பிரிந்தது. வரி தருகிற நிலம் நல்ல நிலம். வரி தராத நிலம் தரிசு. ஆடு மாடு மேய்ந்த காடு, விறகு பொறுக்கிய காடு, மூலிகை பறித்த காடு எல்லாம் இந்தக் கணக்கில் 'பயனற்ற நிலம்' ஆகிவிட்டன. தம்பி, நீங்கள் கேட்ட "சும்மா கிடக்கிற இடம்" என்ற சொல்லுக்கு வயது இருநூறுக்கு மேல். அது வரி வசூலித்தவர்களின் கண்ணோட்டம்.

அந்தக் கண்ணோட்டம் என்ன செய்தது தெரியுமா? 1860களில் இரயில் எஞ்சின்களுக்கு விறகு தேவைப்பட்டது. செங்கல்பட்டுப் பக்கம் கடலோரமெல்லாம் சவுக்குத்தோப்புகள் எழுந்தன. சவுக்கு நம் கரையோர மரம் அன்று, கொண்டுவந்து வைத்தது. 1877-ல் சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம் என்ற அதிகாரி சீமைக்கருவேல் விதை தருவித்தார். விறகுக்கு நல்லது, வறட்சியில் வளரும் என்பது அன்றைய காரணம். அது இன்று நம் ஏரிகளையும் கண்மாய்களையும் மேய்ச்சல் நிலங்களையும் என்ன செய்திருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இப்படி ஒரு பக்கம் சவுக்கு, ஒரு பக்கம் சீமைக்கருவேல், ஒரு பக்கம் உழவு, ஒரு பக்கம் வீடு என்று கரையோரப் புதர்க்காடு தேய்ந்தது. கோயில்காடுகளாக அங்கங்கே துண்டு துண்டாக மிஞ்சியது.

கிண்டிக் காடு மட்டும் ஏன் மிஞ்சியது? உண்மையைச் சொல்ல வேண்டும். யாரும் இயற்கையைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து அதைக் காப்பாற்றவில்லை. துரைமார்களின் உல்லாசத்துக்கும் வேட்டைக்கும் அந்த இடம் தேவைப்பட்டது. பொதுமக்கள் உள்ளே போக முடியாது, விறகு வெட்ட முடியாது, மாடு மேய்க்க முடியாது. வேலி போட்டது அதிகாரம். வேலிக்குள் பிழைத்தது காடு. சாமிக்குப் பயந்து கோயில்காடு பிழைத்ததைப் போல, துரைக்குப் பயந்து இந்தக் காடு பிழைத்தது.

1910-ல் இது காப்புக்காடு ஆனது. அப்போது பரப்பு 505 ஹெக்டேர். ஏறக்குறைய 1,250 ஏக்கர். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல காரியங்களுக்காகக் குறைந்த காடு

விடுதலைக்குப் பிறகு கிண்டி மாளிகை ராஜ்பவன் ஆயிற்று. 1948 முதல் 1952 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் பவநகர் மகாராஜா கிருஷ்ணகுமார்சிங்ஜி. இன்று குஜராத்தில் இரலைமான்களுக்குப் புகழ்பெற்ற வேளாவதர் தேசியப் பூங்கா, அவருடைய சமஸ்தானத்தின் புல்வெளியாக இருந்ததுதான். கிண்டியில் வெள்ளை நிற இரலைகளைக் கொண்டுவந்து விட்டவர் அவர் என்று சொல்வார்கள். புள்ளிமான்களும் 1945-ஐ ஒட்டி வந்தவை என்றே கருதப்படுகிறது. இரலை இந்தக் கரையோரத்துப் பூர்வகுடி. புள்ளிமான் கிண்டிக்குக் குடிவந்த விருந்தாளி. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாக வரும்.

காடு குறையத் தொடங்கிய கதை இனிமேல்தான். இதை எழுதும்போது எனக்கே மனம் இரண்டு பக்கமும் இழுக்கிறது.

1956-ல் காந்தி மண்டபம் எழுந்தது. 1958-ல் பிரதமர் நேருவின் விருப்பப்படி சிறுவர் பூங்காவுக்கு ஒரு பகுதி வனத்துறையிடம் கொடுக்கப்பட்டது. அதே காலத்தில் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்காக ஒரு பெரும் பகுதி மத்தியக் கல்வி அமைச்சகத்துக்குப் போயிற்று. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-ல் ஐஐடி தொடங்கியது. பிறகு ராஜாஜி நினைவகம், காமராஜர் நினைவகம். 1961 முதல் 1977 வரை மட்டும் ஏறத்தாழ 172 ஹெக்டேர் காடு, கல்வி நிலையங்களுக்கும் நினைவகங்களுக்கும் என்று பல துறைகளுக்குக் கைமாறியது. 505-ல் தொடங்கியது 270-ல் வந்து நின்றது.

இந்தப் பட்டியலில் கெட்ட காரியம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுகூட இல்லை. காந்தியடிகளுக்கு மண்டபம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஐஐடி வேண்டாம் என்று நான் சொல்ல முடியுமா? நம் பள்ளியில் தரையில் உட்கார்ந்து படித்த பிள்ளை ஒருவன் அங்கே போய் மேற்படிப்பு முடித்து வந்தபோது, ஊரே மிட்டாய் கொடுத்துக் கொண்டாடியதே! காமராஜர் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர் திறந்த பள்ளிக்கூடமும் அவர் போட்ட மதிய உணவும் இல்லாவிட்டால் என்னைப் போன்ற வீட்டுப் பெண் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி வாசலை மிதித்திருக்க மாட்டாள். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் அவர் மறைந்தபோது அழாத வீடு எங்கள் தெருவில் இல்லை.

ஆனால் வரலாறு படிக்கிறவர்கள் இதைக் கண்டுகொள்ள வேண்டும். காடு எப்போதும் கெட்டவர்களால் மட்டும் அழிவதில்லை. நல்லவர்கள், நல்ல நோக்கத்தோடு, "இவ்வளவு பெரிய காட்டில் இந்த மூலைதானே" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்தவர் அடுத்த மூலையை எடுக்கிறார். ஒவ்வொருவரும் கேட்டது கொஞ்சம்தான். கூட்டிப் பார்த்தால் பாதிக்குப் பக்கம். வீட்டுப் பத்தாயத்தில் ஆளுக்கு ஒரு படி நெல் எடுப்பது போல. எடுத்தவர் யாரும் திருடர் இல்லை, ஆனாலும் ஆடியில் பத்தாயம் காலி.

சட்டம் வந்தது

1970களில் காற்று மாறியது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இரலைமான் அதன் முதல் அட்டவணையில், அதாவது புலியோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டது. அதே 1972-ல் ரோமுலஸ் விட்டேக்கரின் பாம்புப் பண்ணை சேலையூரிலிருந்து கிண்டிக்கு இடம் மாறியது. சுற்றுலா அழைத்துப் போனபோது நீங்கள் வாய் பிளந்து நின்ற அதே பாம்புப் பண்ணைதான். 1976-ல் அரசியலமைப்பின் 42-ஆவது திருத்தம் காடுகளையும் வனவிலங்குகளையும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது.

1977-ல் கிண்டிக் காடு தமிழ்நாடு வனத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1978-ல் தேசியப் பூங்கா ஆயிற்று. இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று.

'தேசியப் பூங்கா' என்பது வெறும் பெயர்ப்பலகை என்று நினைக்காதீர்கள். அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் பலம் இருக்கிறது. உள்ளே மேய்ச்சலுக்கு அனுமதி இல்லை. எல்லையை மாற்ற வேண்டுமானால் மாநிலச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற வேண்டும் என்று 1972 சட்டம் சொன்னது. பின்னாளில் அது திருத்தப்பட்டுத் தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை வேண்டும் என்றானது. இதனால்தான், "இந்த மூலைதானே" என்று கேட்டு ஒரு கையெழுத்தில் வாங்கிப்போவது நின்றது. துரையின் வேலி போய்ச் சட்டத்தின் வேலி வந்தது. எனக்குப் பிடித்த வேலி இரண்டாவதுதான். அது யாருடைய உல்லாசத்துக்கும் இல்லை, எல்லோருக்கும் பொது.

இந்த இடத்தில் ஒருவரை நினைக்க வேண்டும். மா. கிருஷ்ணன். தமிழின் தொடக்ககால நாவலாசிரியர்களுள் ஒருவரான அ. மாதவையாவின் மகன். மயிலாப்பூரில் வாழ்ந்தவர். 1950 முதல் 1996-ல் மறையும்வரை ஓர் ஆங்கில நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் எழுதினார். நம் நாட்டு மரங்களை விட்டுவிட்டு அழகுக்காக அயல்நாட்டு மரங்களை நடுவதைக் கடுமையாக எதிர்த்தவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து, 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் நூலாக வந்திருக்கிறது. வாங்கிப் படியுங்கள். அப்படிப்பட்ட தமிழை இப்போது பார்ப்பது அரிது.

மதிலும் மானும்

சட்டம் வந்ததோடு கதை முடிந்ததா? இல்லை. 1980களின் பிற்பகுதியில் பூங்காவுக்கும் ராஜ்பவனுக்கும் ஐஐடிக்கும் இடையே மதில் எழுந்தது. ஆக்கிரமிப்பைத் தடுக்க மதில் உதவும். ஆனால் ஒரே காடு மூன்று வளாகமாயிற்று. முன்பு கூட்டமாக ஓடித் திரிந்த இரலைகள் மூன்று இடமாகப் பிரிந்தன. அங்கங்கே இருக்கும் சிறு கூட்டம் தனக்குள்ளேயே இனம் பெருக்க வேண்டிய நிலை. நெருங்கிய உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகத் திருமணம் செய்தால் என்ன ஆகும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். மானுக்கும் அதே விதி.

இப்போது இரலை, புள்ளிமான் வேறுபாட்டுக்கு வருகிறேன். இரண்டையும் 'மான்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். புள்ளிமானின் கொம்பு கிளை கிளையாக இருக்கும், ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். இரலையின் கொம்பு முறுக்கிய கயிறு போல நேராக மேலே போகும், விழாது. அதனால் அதைத் 'திருகுமான்' என்றும் 'வெளிமான்' என்றும் சொல்வார்கள். வெளிமான் என்ற பெயரிலேயே அதன் வாழ்க்கை இருக்கிறது. வெட்டவெளி அதற்கு வேண்டும். தூரத்தில் வரும் பகையைக் கண்ணால் கண்டு, காலால் ஓடித் தப்பிக்கிற விலங்கு அது. ஒரு காலத்தில் அதைத் துரத்திய சிறுத்தைப்புலியின் உறவான சிவிங்கிப்புலி, இந்தியாவில் அற்றுப்போய்விட்டதாக 1952-ல் அறிவிக்கப்பட்டது. துரத்தியது போய்விட்டது, ஓடுகிற கால் மட்டும் மிச்சம் இருக்கிறது.

புள்ளிமானுக்குப் புதரும் நிழலும் பிடிக்கும். கிண்டியில் புல்தரை குறைந்து மரமும் புதரும் அடர்ந்தபோது புள்ளிமான் பெருகியது, வெளிமான் சுருங்கியது. புல்தரை ஏன் குறைந்தது? மரம் நட்டதும் ஒரு காரணம். ஆம், மரம் நட்டதுதான்!

இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகளில் பலர் ஊர் ஊராக மரக்கன்று நடுகிற குழுக்களில் இருக்கிறீர்கள். மிகவும் நல்ல காரியம். சாலையோரத்தில் நடுங்கள், பள்ளி வளாகத்தில் நடுங்கள், வீட்டு வாசலில் நடுங்கள். ஆனால் இயற்கையான புல்வெளியையும் புதர்க்காட்டையும் 'காலி இடம்' என்று நினைத்துக் குழி தோண்டாதீர்கள். அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் குடியிருக்கிறது. கௌதாரி முட்டையிடும் இடம் அது. முயல் பதுங்கும் இடம் அது. வெளிமான் குட்டியைப் புல்லுக்குள் ஒளித்துவைக்கும் இடம் அது.

சின்னக் காடு, பெரிய வேலை

கிண்டியில் 350-க்கு மேற்பட்ட தாவர வகைகளும் 130-க்கு மேற்பட்ட பறவை வகைகளும் பதிவாகியிருக்கின்றன. நரி இருக்கிறது. மாநகரத்தின் நடுவில், மெட்ரோ ஓடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நரி! மரநாய், கீரி, முயல், நட்சத்திர ஆமை எல்லாம் உண்டு. நரியும் மரநாயும் பழம் தின்று விதையைப் பரப்புகின்றன. கொண்டைக்குருவி சூரைப்பழம் தின்று எச்சமிட்ட இடத்தில் சூரை முளைக்கிறது. இந்தக் காட்டை யாரும் நடவில்லை, அது தன்னைத் தானே நட்டுக்கொள்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசியை ஒட்டி ஆறுமணிக்குருவி வரும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வருகிற பறவை. விடியலிலும் அந்தியிலும் கூவுவதால் அந்தப் பெயர். பச்சை, நீலம், சிவப்பு என்று ஒன்பது நிறம் சொல்வார்கள். அவ்வளவு தூரம் பறந்து களைத்து வரும் அந்தக் குருவி சென்னையில் எங்கே இறங்கும்? புதரடியில் சருகு கிடக்கிற இடம் வேண்டும் அதற்கு. பன்னிரண்டாயிரம் கிரவுண்டில் அடுக்குமாடி கட்டியிருந்தால் அதற்கு இறங்க இடம் இல்லை.

தண்ணீர்க் கணக்கையும் பாருங்கள். சென்னையில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கான்கிரீட் தரையில் விழுந்தால் ஓடிச் சாக்கடையில் சேரும். புதர்க்காட்டில் விழுந்தால் சருகில் ஊறி மண்ணுக்குள் இறங்கும். உள்ளே குளங்கள் இருக்கின்றன. பெரிய நீர்நிலை ஒன்றின் பெயர் காத்தான் கொல்லை. கொல்லை என்றால் புன்செய் நிலம். யாரோ ஒரு காத்தான் கம்போ கேழ்வரகோ விதைத்த இடமாக இருந்திருக்கலாம் என்று அந்தப் பெயரைப் பார்த்தால் தோன்றுகிறது. ஆளுநர்களின் பெயர்கள் எல்லாம் ஆவணத்தில் இருக்கின்றன. அந்தக் காத்தான் பெயர் மட்டும் தண்ணீரில் இருக்கிறது.

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது நகரமெங்கும் மரங்கள் சாய்ந்தன. கிண்டிக்குள்ளும் ஏராளமாக விழுந்தன. தோட்டத்தில் விழுந்த மரத்தை அறுத்து லாரியில் ஏற்றிவிடுவோம். காட்டில் விழுந்த மரம் கறையானுக்கு உணவு, பல்லிக்கு வீடு, அடுத்த செடிக்கு எரு. காட்டுக்குக் குப்பை என்று ஒன்று கிடையாது.

மனிதன் கொண்டுவந்து போடுகிற குப்பைதான் அதற்குப் பகை. அக்கம்பக்க வளாகங்களில் இறந்த மான்களின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது நெகிழிப் பைகள் உருண்டையாகக் கிடந்ததைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். உப்பும் எண்ணெயும் ஒட்டிய பையைத் தீனி என்று நினைத்து மான் தின்றுவிடுகிறது. தெருநாய்கள் இன்னொரு தொல்லை. சட்டத்தின் வேலியைத் தாண்டி நம் கையிலிருந்து பறக்கிற பிஸ்கட் உறை உள்ளே போய்விடுகிறது.

நம் ஊர்க் காடு

கிண்டி பெரிய ஊர்க் கதை, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். நம் ஊர் ஏரிக்கு மேற்கே மேய்க்கால் புறம்போக்கு ஒன்று இருந்ததே, நினைவிருக்கிறதா? 1990-க்கு முன் படித்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். சித்திரை, வைகாசியில் களாப்பழம் தின்று நாக்கெல்லாம் கருத்து வருவீர்கள். பள்ளிக்கூடத்துக்குச் சூரைமுள் கிழித்த சட்டையோடு வந்து என்னிடம் திட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர்! காரைப்பழம் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு ஓடிப்போன பிள்ளைகளும் உண்டு. அந்தக் காட்டுக்கு ஆளுநரும் இல்லை, சட்டமும் இல்லை. கொஞ்சம் சீமைக்கருவேல் தின்றது, கொஞ்சம் மண் அள்ளும் வண்டி தின்றது, மிச்சத்தில் மனைக்கற்கள் நிற்கின்றன. நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக எடுத்த வகுப்பில், "களாப்பழம் தின்றவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். முப்பத்து நான்கு பிள்ளைகளில் ஒரே ஒரு கைதான் எழுந்தது. அதுவும் பாட்டி ஊரில் தின்றதாம்.

ஆனாலும் நம்பிக்கை இல்லாமல் இல்லை. தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டில் ஒரு முட்புதர்க் குன்று 1987-ல் வெளிமான் சரணாலயம் ஆயிற்று. பதினாறு சதுர கிலோமீட்டர்தான். இந்தியாவின் தென்கோடி வெளிமான்கள் அங்கே இருக்கின்றன. 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ப் பகுதியில் தேவாங்குக்கென்றே இந்தியாவின் முதல் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மதுரை அரிட்டாபட்டி, பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது. முள்ளுக்காடும் குன்றும் காக்கத் தகுந்தவை என்று அரசு ஏட்டில் எழுதப்படுகிறது. இருநூறு ஆண்டு 'தரிசு' என்ற சொல் மெல்ல மாறுகிறது.

தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். அந்த இடம் சும்மா கிடக்கவில்லை. இந்தக் கரையில் ஆயிரக்கணக்கான ஆண்டு இருந்த காடு எப்படி இருந்தது என்று காட்ட, சென்னைக்குள் மிஞ்சிய பெரிய சாட்சி அது. ஒரு கட்டடத்தை இடித்தால் மறுபடி கட்டிவிடலாம். குருந்தும் பாலையும் களாவும் சேர்ந்து ஒரு காடாவதற்குப் பணம் போதாது, பல தலைமுறைக் காலம் வேண்டும். விற்றால் ஒரு தலைமுறைதான் சாப்பிடும். விட்டுவைத்தால் அடுத்து வருகிறவர்களுக்கும் இருக்கும். உங்கள் தொழிலையும் நான் குறை சொல்லவில்லை. எல்லோருக்கும் வீடு வேண்டும். நீங்கள் மனை போடும் இடத்தில் பழைய விளா மரமோ, பனையோ, ஒரு களாப் புதரோ இருந்தால் பூங்காவுக்கு ஒதுக்கும் மூலையில் அதை அப்படியே விட்டுவையுங்கள். டீச்சர் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று: சென்னையில் இருப்பவர்கள் பிள்ளைகளைக் கிண்டிச் சிறுவர் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள். காட்டின் உட்பகுதிக்கு அனுமதி இல்லாமல் போக முடியாது, போகவும் வேண்டாம். கூண்டில் இருப்பதை மட்டும் காட்டாமல், வேலிக்கு அப்பால் தெரியும் குட்டை மரங்களையும் காட்டி, "இதுதான் நம்ம கரையோட சொந்தக் காடு" என்று சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள்.

இரண்டு: மானுக்குத் தீனி கொடுக்காதீர்கள். நெகிழிப் பையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

மூன்று: உங்கள் ஊரில் இன்னும் மிச்சமிருக்கும் குத்துக்காடு, கோயில்காடு, மேய்க்கால் இவற்றின் பெயரையும், அங்கே இருக்கும் செடி கொடிகளின் உள்ளூர்ப் பெயரையும் கீழே எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள். ஒரே செடிக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும், எல்லாவற்றையும் எழுதுங்கள். நான் ஒரு நோட்டில் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை அறுபத்து மூன்று பெயர் சேர்ந்திருக்கிறது. நூறு ஆனதும் எல்லோருக்கும் அனுப்புகிறேன்.

எழுத்துப்பிழை கண்டால் தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் நோட்டில் நான் எத்தனை சிவப்புக் கோடு போட்டிருப்பேன்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்